பழைய தோட்ட டிராக்டரின் கேபிள் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியிலிருந்து மாற்றுக் கேபிள் வரை

லீவரை இழுத்தால் இன்ஜின் கேட்கவில்லை. உடனே நாம் செய்வது, டிராக்டரின் பெயரையும் மாடல் எண்ணையும் போட்டு 'சோக் கேபிள்' (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றை அடைக்கும் தகட்டை ஆட்டுவது) என்று தேடுவதுதான். ஐம்பது, அறுபது வயதான வண்டிக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. கிடைத்து, வாங்கி மாட்டிய பிறகும் கோளாறு அப்படியே இருக்கும் கதையும் உண்டு. நான் இரண்டிலும் மாட்டியிருக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் கேபிளைக் குற்றவாளி என்று முடிவு செய்யும் முன் விசாரித்துவிடுகிறேன். அப்புறம் தேடும்போது வண்டியின் பெயரைவிட அளவுகளைத்தான் நம்புகிறேன்.

முதலில் ஒரு சின்ன விசாரணை

சாவியை எடுத்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். பிறகு கேபிளின் இன்ஜின் பக்க முனையை மட்டும் கழற்றுங்கள்: வெளியுறையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் ஸ்க்ரூவைத் தளர்த்தி, உள்கம்பியின் கொக்கியை, இன்ஜினில் அது ஆட்டும் சிறு இரும்புக் கையிலிருந்து விடுவித்தால் போதும். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கொக்கி எந்த ஓட்டையில் இருந்தது என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும்.

இப்போது லீவரை ஆட்டிப் பாருங்கள். லகுவாக நகர்ந்து, மறுமுனையில் கம்பியும் கூடவே அசைந்தால் கேபிள் நல்லது. கோளாறு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் பக்கம். அடுத்து சோக் கையை விரலால் தள்ளிப் பாருங்கள். அது இறுகியிருந்தால் சோக் தண்டில் பிசின் கட்டியிருக்கிறது, அல்லது துரு. கார்புரேட்டர் கிளீனர் அடித்தாலே சரியாகிவிடும் விஷயத்துக்குக் கேபிள் தேடி அலைய வேண்டாம். இரண்டுமே லகுவாக இருக்கிறது, சேர்த்து மாட்டினால்தான் இறுகுகிறது என்றால், கேபிள் வரும் கோணமும் கை நகரும் கோணமும் ஒத்துப்போகவில்லை. கிளாம்பை இடம் மாற்றிப் பாருங்கள்.

இந்தக் கேபிளின் சூத்திரம் மிக எளிது. போடன் என்பவர் 1896இல் காப்புரிமை வாங்கியதிலிருந்து அது மாறவே இல்லை. வெளியுறையின் இரு முனைகளும் அசையாமல் நின்றால்தான் உள்ளே இருக்கும் கம்பியின் நகர்வு முழுதாக மறுமுனைக்குப் போய்ச் சேரும். உறை நழுவினாலோ, அமுங்கினாலோ, வளைந்து கொடுத்தாலோ, நீங்கள் இழுத்த இழுப்பு வழியிலேயே காணாமல் போகும். கீழே வரும் பல அறிகுறிகளுக்கு இதுதான் மூலம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கேபிளில் இரண்டு சாதி. ஒற்றைத் தடிமனான எஃகுக் கம்பி ஓடுவது ஒன்று. அது இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். சோக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலும் பெரும்பாலும் இதுதான். மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த கம்பி ஓடுவது மற்றது. அது இழுக்க மட்டும்தான் பயன்படும், திரும்பி வர ஸ்பிரிங் வேண்டும். கிளட்ச், பிரேக், புல்வெட்டும் டெக்கை ஓட்டும் பி.டி.ஓ போன்றவற்றில் கேபிள் இருந்தால் அது இந்த வகை. 'இருந்தால்' என்று சொல்லக் காரணம் உண்டு. 1960களின் தோட்ட டிராக்டர்கள் பலவற்றில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் கேபிளே கிடையாது; இரும்புத் தண்டும் பின்னும்தான். அந்த வண்டிக்குக் 'கிளட்ச் கேபிள்' தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது.

லீவர் கல்லாக இறுகிக் கிடக்கிறது

இன்ஜின் முனையைக் கழற்றிய பிறகும் லீவர் நகரவில்லையென்றால் உறைக்குள் துரு. பழைய சோக் கேபிளின் உறை என்பது வெறும் எஃகுச் சுருள். உள்ளே பிளாஸ்டிக் குழாய் எதுவும் இருக்காது. வண்டி வெயிலிலும் மழையிலும் நின்றால் தண்ணீர் சுருளின் இடுக்கு வழியே இறங்கி, கேபிள் தாழ்ந்து தொங்கும் இடத்தில் தங்கிவிடும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

காப்பாற்றிப் பார்க்கலாம். கேபிளை முழுதாகக் கழற்றி நேர்குத்தாகத் தொங்கவிடுங்கள். மேல்முனையில் பிளாஸ்டிக் பையின் மூலையைப் புனல் போலச் சுற்றி டேப் போட்டு, துரு தளர்த்தும் எண்ணெயை ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கம்பியைச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசைந்து, கீழே பழுப்புத் தண்ணீர் வடிந்தால் நம்பிக்கை உண்டு. தெளிவாக வடியும் வரை ஊற்றிவிட்டு, கடைசியில் மெல்லிய இன்ஜின் ஆயில் கொஞ்சம் விடுங்கள். துரு தளர்த்தும் எண்ணெயோடு நிறுத்திவிட்டால் அது சீக்கிரம் உலர்ந்துவிடும். அடுத்த மழைக்கு மறுபடி இறுகும். உள்ளே நைலான் குழாய் உள்ள கேபிளாக இருந்தால் கெட்டியான கிரீஸ் வேண்டாம். குளிரில் அதுவே இறுக்கம் தரும்.

ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தட்டுகிறது, மற்ற இடத்தில் ஓடுகிறது என்றால் உறையைக் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது மடங்கியிருக்கும், நசுங்கியிருக்கும், அல்லது சைலன்சர் பக்கம் கருகியிருக்கும். எண்ணெய் அதைச் சரிசெய்யாது. மாற்ற வேண்டியதுதான்.

லீவர் நகர்கிறது, இன்ஜின் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை

ஒருவரை லீவரை ஆட்டச் சொல்லிவிட்டு இன்ஜின் பக்கம் நின்று பாருங்கள். கம்பி அசையாமல் உறையே முன்னும் பின்னும் போய்வந்தால், கிளாம்ப் பிடிக்கவில்லை. ஸ்க்ரூவை இறுக்குங்கள். கிளாம்ப் தகடு தேய்ந்திருந்தால் உறைக்கு மேல் மெல்லிய தகரத்தை ஒரு சுற்று வைத்து இறுக்குங்கள். கேபிள் தேடவே தேவையில்லாத அறிகுறிகளில் இதுதான் முதலிடம் என்பேன்.

உறையும் அசையவில்லை, கம்பியும் அசையவில்லை என்றால் கம்பி உள்ளே அறுந்திருக்கிறது. அதிகமாக அறுவது லீவர் தலைக்குள் கம்பி வளையும் இடத்தில். அல்லது குமிழ்த் தண்டில் பற்றவைத்த இடம் விட்டிருக்கும். அப்படியென்றால் மகிழ்ச்சி. தலை நன்றாக இருக்கிறது, கம்பியை மட்டும் மாற்றினால் போதும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

குளிரில் ஸ்டார்ட் ஆகாது, ஆனால் சூடானதும் கரும்புகை

இரண்டும் எதிரெதிர்க் கோளாறுகள் போலத் தெரியும், மூலம் ஒன்றுதான். சோக் தகடு முழுதாக மூடவும் இல்லை, முழுதாகத் திறக்கவும் இல்லை. கேபிளின் ஓட்டம், அதாவது கம்பி நகரும் தூரம், போதவில்லை. ஏர் கிளீனரைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். லீவர் ஒரு கடைசியில் இருக்கும்போது தகடு துவாரத்தை அடைக்க வேண்டும். மறு கடைசியில் காற்று போகும் திசைக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறைகிறது என்றால் கிளாம்பில் உறையை நகர்த்திச் சரிசெய்யலாம். இரண்டு பக்கமும் குறைகிறது என்றால், யாரோ முன்பே ஓட்டம் குறைந்த வேறொரு கேபிளைப் போட்டிருக்கிறார்கள்.

ஒரே லீவர் சோக்கையும் த்ராட்டிலையும் சேர்த்து இயக்கும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின்களில் இது இன்னும் முக்கியம். அவற்றில் லீவரின் ஒரு கோடி சோக், மறு கோடி நிறுத்தம். சில வகைகளில் நிறுத்தும் முனைக்கு லீவர் வந்ததும் ஒரு தகடு தொட்டு இன்ஜினை அணைக்கும். ஓட்டம் குறைந்த கேபிளைப் போட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாது, அல்லது மாலையில் நிற்காது. பாதி மூடிய சோக்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பிளக் கரி பிடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்க வைக்கும். இதை ஒத்திப்போடாதீர்கள்.

த்ராட்டில் தானாக இறங்கிவருகிறது

கேபிள் மேல் பழி போடாதீர்கள். கவர்னரின் (இன்ஜின் வேகத்தைத் தானாகச் சீராக வைக்கும் அமைப்பு) ஸ்பிரிங் எப்போதும் லீவரை மெதுவான பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். அதை எதிர்த்து நிறுத்துவது லீவரின் அடியில் இருக்கும் உராய்வு வாஷர். அதிர்வில் அந்த நட் தளர்ந்துவிடும். இறுக்குங்கள், வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அவ்வளவுதான்.

ஐடிலுக்கு வரமாட்டேன் என்கிறது, அல்லது எகிறுகிறது

இங்கே மட்டும் நிதானம் வேண்டும். இந்த இன்ஜின்களில் த்ராட்டில் கேபிள் கார்புரேட்டரின் தகட்டை நேராகத் திறப்பதில்லை. அது கவர்னர் ஸ்பிரிங்கை இழுக்கிறது. தகட்டை ஆட்டுவது கவர்னர். அதனால் இன்ஜின் நின்றிருக்கும்போது லீவரை வேகத்தில் வைத்தால் த்ராட்டில் தகடு முழுதாகத் திறந்து நிற்கும். அது கோளாறு அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். இதைப் பார்த்துவிட்டு 'தகடு மாட்டிக்கொண்டது' என்று ஸ்பிரிங்கைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

வேகம் குறையவில்லையென்றால் இன்ஜின் நின்ற நிலையில் லீவரை மெதுவான கோடிக்குக் கொண்டுவாருங்கள். கட்டுப்பாட்டுக் கை தன் நிறுத்தம் வரை போகிறதா? போகவில்லை என்றால் உறையைக் கிளாம்பில் நகர்த்துங்கள். போகிறது, ஆனாலும் வேகம் குறையவில்லை என்றால் அது கேபிள் விஷயமே இல்லை. ஸ்பிரிங் தவறான ஓட்டையில் இருக்கலாம், கவர்னர் இணைப்பு இறுகியிருக்கலாம். அந்தக் காலத்துக் கோலர் கே வரிசை இன்ஜின்களின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 3600 சுற்று அளவில்தான். அதன் கனெக்டிங் ராடு அலுமினியம். எகிறவிட்டால் அது உடைந்து பிளாக்கையே பொத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு கேபிளைச் சரிபார்க்கப்போய் இன்ஜினை இழக்க வேண்டாம். கவர்னரைத் தவிர்த்துக் கேபிளை நேராகக் கார்புரேட்டர் கையில் கட்டும் 'குறுக்கு வழி'யை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இழைகள் பிரிந்து நிற்கின்றன. அட்ஜஸ்டரில் மரை மிச்சமில்லை

பிரேக், கிளட்ச், பி.டி.ஓ கேபிள்களில் ஓர் இழை பிரிந்து கையைக் குத்தினாலே அந்தக் கேபிளின் காலம் முடிந்தது. டேப் சுற்றுவது, ஒட்டுப் போடுவது, நடுவில் கிளிப் போட்டு இணைப்பது எதுவும் வேண்டாம். மற்ற இழைகளும் அதே இடத்தில் அதே அளவு களைத்துத்தான் போயிருக்கும்.

அட்ஜஸ்டர் நட்டைக் கடைசி மரை வரை கொண்டுபோயும் தளர்வு போகவில்லை என்றால் கம்பி நீண்டுவிட்டது என்போம். பல நேரம் நீள்வது கம்பி அல்ல. உறையின் முனைத்தொப்பி நசுங்கி, சுருள் அதற்குள் புகுந்திருக்கும். முனைத்தொப்பியைப் பாருங்கள். கூடவே பெல்ட்டையும் பிரேக் பட்டையையும் பாருங்கள். அவை தேய்ந்திருந்தால் புதுக் கேபிளும் இரண்டே மாதத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்கும்.

சரி, கேபிள்தான் குற்றவாளி. இப்போது அளவெடுங்கள்

இந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். உறையின் நீளத்தை மட்டும் அளந்து ஒரு கேபிளை வரவழைத்தேன். உறை கச்சிதமாகப் பொருந்தியது. வெளியே நீட்டிய கம்பி 4 சென்டிமீட்டர் குட்டை. கொக்கி சோக் கையை எட்டிப் பார்த்ததோடு சரி.

பழைய கேபிளைத் தரையில் நேராக நீட்டி வையுங்கள். உறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளவெடுங்கள். லீவரை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு, இன்ஜின் பக்கம் எவ்வளவு கம்பி வெளியே நிற்கிறது என்று அளவெடுங்கள். லீவரை முழுதாக இழுத்துவிட்டு அதையே மறுபடி அளவெடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஓட்டம். வாங்கும் கேபிளின் ஓட்டம் இதைவிடக் குறையவே கூடாது. கூடினால் பரவாயில்லை, கை தன் நிறுத்தத்தில் நின்றுவிடும்.

அடுத்து கம்பியின் விட்டம். வெர்னியர் இல்லாமல் இதைக் கண்ணால் சொல்ல முடியாது. அமெரிக்க வண்டி என்றால் அளவுகள் அங்குலத்தில் இருக்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்பது ஏறக்குறைய 1.6 மி.மீ. உறையின் வெளி விட்டமும் தேவை, ஏனென்றால் கிளாம்ப் அதைத்தான் பிடிக்கப் போகிறது. பிறகு முனைகள்: இன்ஜின் பக்கம் 'இசட்' வடிவ வளைவா, வளையமா, உருண்டையா, உருளையா? டேஷ்போர்டு பக்கம் மரை உள்ள கழுத்தா? அதன் விட்டம் என்ன, தகட்டின் ஓட்டை முழு வட்டமா, ஒரு பக்கம் தட்டையா? தட்டையான ஓட்டை கேபிள் தலை சுழலாமல் பிடிப்பதற்காக வைத்தது. வட்டக் கழுத்தை அதில் போட்டால் குமிழைத் திருகும்போதெல்லாம் சுற்றும்.

பழைய கேபிளே இல்லை என்றால் ஒரு தடித்த கயிற்றை எடுத்து லீவர் இடத்திலிருந்து கிளாம்ப் வரை, கேபிள் போக வேண்டிய வழியிலேயே, அகலமான வளைவுகளோடு கொண்டுபோய்க் குறியிட்டு அளவெடுங்கள். சந்தேகம் வந்தால் நீளமாகவே வாங்குங்கள். நீளமானதை வெட்டலாம்.

எங்கே, எந்தப் பெயரில் தேடுவது

முதலில் பாகப் பட்டியலில் உள்ள எண். ஆனால் அந்த எண் அப்படியே இன்றைக்கும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தோட்ட டிராக்டர் செய்த நிறுவனங்கள் பல கைமாறின. கப் கேடட் டிராக்டரை 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கொண்டுவந்தது. 1981இல் அது எம்.டி.டி நிறுவனத்தின் வசம் போனது. வீல் ஹார்ஸ் என்ற டிராக்டர் நிறுவனத்தை 1986இல் டோரோ நிறுவனம் வாங்கியது. கைமாறும்போது பழைய பாக எண்ணுக்குப் பதிலாகப் புது எண் வந்திருக்கலாம். பழைய எண்ணைப் போட்டுத் தேடி ஒன்றும் வராவிட்டால், 'இதற்கு மாற்று எண் எது' என்று கேளுங்கள்.

அதற்கும் முன், இன்ஜினின் தகட்டைப் படியுங்கள். பழைய வண்டிகளில் இன்ஜினை யாராவது மாற்றியிருப்பது சாதாரணம். மாற்றியிருந்தால் டிராக்டரின் பாகப் பட்டியல் சொல்லும் கேபிள் இன்ஜின் பக்கம் பொருந்தாது. நான் போட்டோவில் பார்த்து 'அதே கேபிள்தான்' என்று நினைத்ததெல்லாம் இப்படித்தான் ஏமாற்றியது.

எண் வழி மூடிவிட்டால் வெட்டிப் போடும் பொதுக் கேபிள்கள் இருக்கின்றன. புல்வெட்டும் இயந்திரத்துக்கு வரும் சோக், த்ராட்டில் கேபிள்கள், பழைய கார்களின் டேஷ்போர்டு சோக் கேபிள், லாரிகளின் கை த்ராட்டில் எல்லாம் ஒற்றைக் கம்பி வகை. ஓட்டமும் விட்டமும் ஒத்தால் தாராளமாகப் போடலாம். சைக்கிள் கேபிளை யாரும் முதலில் நினைப்பார்கள். பிரேக் உள்கம்பி 1.5 முதல் 1.6 மி.மீ, கியர் உள்கம்பி 1.1 முதல் 1.2 மி.மீ. ஆனால் அவை முறுக்கிழை, தள்ளாது. திருப்பி இழுக்க ஸ்பிரிங் இல்லாத சோக்குக்கு உதவாது. அதுபோல, சைக்கிள் கியர் உறையை பிரேக்குக்குப் போடக் கூடாது. அதன் கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால் பலமாக இழுத்தால் உறை பிளந்துவிடும்.

பிரேக், கிளட்ச் கேபிள் என்றால் பழையதை மாதிரியாகக் கொடுத்து அதேபோலச் செய்து தரும் கேபிள் பட்டறைதான் என் தேர்வு. அங்கே நிப்பிளை (கம்பி முனையில் இருக்கும் சிறு உலோகத் துண்டு) அழுத்தி இறுக்கும் இயந்திரம் இருக்கும். வீட்டில் ஈயம் பற்றவைத்த நிப்பிளை சரிவில் நிற்கும் டிராக்டரின் பிரேக்கில் நான் நம்ப மாட்டேன்.

பழைய தலை, புது உடல்

சோக் கேபிளில் விலைமதிப்பற்றது குமிழ்தான். அந்தப் பழைய எழுத்து, அந்த வடிவம் புதிதாகக் கிடைக்காது. அதைத் தூக்கி எறியாதீர்கள்.

குமிழ்த் தண்டில் கம்பியை அழுத்திப் பிடித்திருக்கும் இடத்தைப் பொடி அரத்தால் மெதுவாகத் தேய்த்து விடுவியுங்கள். கழுத்துப் பகுதியில் உறையை அழுத்தியிருப்பதையும் அப்படியே. பொதுக் கேபிளின் கம்பியையும் உறையையும் அதில் நுழைத்து, தண்டில் சிறு குறுக்குத் திருகு வைத்தோ ஈயம் பற்றவைத்தோ நிறுத்துங்கள். சோக்கின் சுமை குறைவு, இது தாங்கும். பளபளவென்ற துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் சாதாரண ஃப்ளக்ஸோடு (ஈயம் ஒட்ட உதவும் பொருள்) ஈயம் ஒட்டாது. அமில ஃப்ளக்ஸ் வேண்டும், வேலை முடிந்ததும் அதைக் கழுவியாக வேண்டும்.

உறையை வெட்ட கட்டிங் பிளையர் போட்டால் சுருள் நசுங்கி உள்ளே நீட்டும். வெட்டும் சக்கரத்தால் வெட்டி, முனையைச் சமமாக அரைத்து, கூரான ஊசியால் துவாரத்தைத் திறந்துவிடுங்கள். முறுக்கிழைக் கம்பியை வெட்டும் முன் அந்த இடத்தில் ஈயமோ ஒரு சொட்டு ஒட்டுப்பசையோ வையுங்கள்; இல்லையென்றால் விளக்குமாறாக விரிந்துவிடும்.

'இசட்' வளைவைக் கடைசியில் செய்யுங்கள். கேபிளை வழிநடத்தி, உறையைக் கிளாம்பில் பிடித்து, லீவரைக் கோடியில் வைத்து, கையின் ஓட்டைக்கு நேரே கம்பியில் குறியிடுங்கள். இரண்டு நோஸ் பிளையரால் குளிர்ந்த நிலையிலேயே வளையுங்கள். இது ஸ்பிரிங் எஃகு. சூடு காட்டினால் அதன் குணம் போய்விடும். ஒருமுறை வளைத்ததை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் ஒடியும். வளைவு கைவரவில்லை என்றால் கம்பியைத் திருகால் பிடிக்கும் சுழல் நிறுத்தி கிடைக்கிறது. அழகு குறைவு, ஆனால் மில்லிமீட்டர் கணக்கில் திருத்தலாம்.

கேபிள் போகும் வழியில் சைலன்சர், பெல்ட், ஃப்ளைவீல் மூன்றும் அருகில் வரக் கூடாது. முழுதாக ஸ்டியரிங் திருப்பிப் பாருங்கள், எதுவும் இழுபடக் கூடாது. சாப்பாட்டுத் தட்டின் வளைவைவிடக் குறுகலாக எங்கும் வளைக்காதீர்கள். இன்ஜின் முனை கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வெளியே சொட்டும்.

மாட்டியாயிற்று, தலைகீழாக வேலை செய்கிறது

இழுத்தால் திறக்கிறது, தள்ளினால் மூடுகிறது என்றால் கேபிள் கையின் தவறான பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. கிளாம்பை அச்சின் மறுபக்கத்துக்கு மாற்ற இடமிருக்கிறதா பாருங்கள். சில தகடுகளில் அதற்கென்றே இரண்டாவது ஓட்டை இருக்கும். இடமில்லை என்றால் கொக்கியைக் கையின் மறுமுனை ஓட்டைக்கு மாற்றலாம்.

அப்புறம் ஏர் கிளீனரை மாட்டும் முன் லீவரை இரண்டு கோடிக்கும் பத்து முறை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் தகடு முழுதாக மூடித் திறக்கிறதா என்று பாருங்கள். பிளக் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் முதல் வேலை வேகத்தை ஏற்றுவதல்ல. மெதுவில் வைத்து, அங்கிருந்து நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள்.